ஜப்பானிய மொழியைத் தனியாகப் படிக்க எந்தப் புத்தகம், எந்த ஆப்? (என்4 இலக்கு)

#1 ஷிப்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மேலே இருப்பவர்களில் சிலர் ஜப்பானிலிருந்து வந்தவர்கள். வரைபடம், செக் ஷீட் எல்லாவற்றிலும் பாதி ஜப்பானிய எழுத்துதான். மொழி தெரிந்தவர்களுக்கு அங்கே போய்ப் பயிற்சி எடுக்கும் வாய்ப்பு வருகிறது, அதனால் டிசம்பரில் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 (ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) எழுதலாம் என்று இருக்கிறேன்.

ஹிரகனா, கதகனா என்ற இரண்டு அடிப்படை எழுத்து வரிசையும் வாசிக்க வந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் சிக்கல். போனில் ஐந்தாறு ஆப் கிடக்கிறது. டெலிகிராமில் யாரோ கொட்டிவைத்த பிடிஎஃப் மலை. ஒவ்வொரு யூடியூப்காரரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார். ஷிப்டு மாறிக்கொண்டே இருப்பதால் கோச்சிங் வகுப்பு ஒத்துவராது. கம்பெனி பஸ்ஸில் போக வர நேரம் கிடைக்கும், வார விடுமுறையில் உட்கார்ந்து படிக்கலாம்.

பாடப்புத்தகம் கெங்கியா, மின்னா நோ நிஹோங்கோவா? கான்ஜிக்கு (சீனாவிலிருந்து வந்த எழுத்துகள்) என்ன? அட்டை வைத்துச் சொல் மனப்பாடம் செய்யும் ஆன்கி ஆப் அவசியமா? தனியாகப் படித்துத் தேறியவர்கள் சொல்லுங்கள்.

#2 நகோயா_பக்கத்துவீடு

தம்பி, ஆப்பையெல்லாம் ஓரமாக வையுங்கள். முதலில் ஒரு பாடப்புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். முதுகெலும்பாக இருக்க ஒன்று போதும், மற்றது எல்லாம் அதற்குத் துணை.

மின்னா நோ நிஹோங்கோ: தொடக்கநிலை இரண்டு பாகம், மொத்தம் 50 பாடம். முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். ஆங்கில விளக்கமும் சொல் பட்டியலும் தனிப் புத்தகம். இது தெரியாமல் முதன்மைப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, "ஒரு வரி கூட ஆங்கிலம் இல்லையே" என்று விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டும். இந்தியப் பதிப்பு கிடைக்கிறது, இறக்குமதிப் புத்தகத்தை விட விலை நன்றாகவே குறைவு.

ஒவ்வொரு பாடமும் ஒரே அச்சு. வாக்கிய அமைப்பு, எடுத்துக்காட்டு, உரையாடல், ஏ, பி, சி என்று மூன்று பயிற்சி, கடைசியில் கேள்விகள். மில்லர் சான் என்று ஒருவர் பல பாடங்களில் அலுவலகம் போவார், ரயில் ஏறுவார். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் படிக்கிறார்கள், சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்கும்.

கெங்கி: இரண்டு பாகம், 23 பாடம். மூன்றாம் பதிப்பு 2020இல் வந்தது. விளக்கம் ஆங்கிலத்தில் அதே புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது, ஒலிக்கோப்புக்கு இலவச ஆப் உண்டு. தனியாகப் படிப்பவருக்கு இது வசதி. ஆனால் கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து எழுதியது, ஜோடியாக உட்கார்ந்து பேசும் பயிற்சிகள் நிறைய. தனி ஆள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

எதை எடுத்தாலும் இரண்டாம் பாகம் முடிந்தால் என்4 இலக்கணம் ஏறக்குறைய முழுக்க வந்துவிடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் மின்னா.

#3 பைசா_செலவில்லாமல்

பணம் போடுவதற்கு முன்னால் இலவசமாக என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

இரோடோரி என்ற பாடநூலை ஜப்பான் பவுண்டேஷனே வெளியிட்டிருக்கிறது. பிடிஎஃப், ஒலி எல்லாம் அவர்கள் தளத்திலேயே முறைப்படி இறக்கிக்கொள்ளலாம், டெலிகிராம் பக்கம் போகவே வேண்டாம். அதே நிறுவனத்தின் மினாடோ தளத்தில் தானாகவே படிக்கும் பாடத்திட்டங்கள் இருக்கின்றன. இலக்கணத்துக்கு டே கிம் என்பவர் இணையத்தில் போட்டிருக்கும் வழிகாட்டி. அகராதிக்கு ஆண்ட்ராய்டில் தகோபோடோ, இணையம் இல்லாமலும் வேலை செய்யும், பஸ்ஸுக்கு அதுதான் சரி. வாசிக்கத் தடோக்கு தளத்தில் நிலை வாரியாக இலவசக் குட்டிப் புத்தகங்கள்.

ஜே.எல்.பி.டி. அதிகாரபூர்வத் தளத்தில் மாதிரி வினாத்தாள் தொகுப்பே ஒலியோடு கிடைக்கிறது. இதை விட்டுவிட்டு யாரோ தயாரித்த "மாதிரித் தேர்வை" ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

#4 ஷிப்டுக்காரன்

நன்றி இருவருக்கும். இரோடோரியை இறக்கிப் பார்த்தேன், படமெல்லாம் போட்டு நன்றாக இருக்கிறது. அதை மட்டும் முடித்தால் என்4 எழுத முடியுமா?

#5 யாழ்_நிலா

நான் இரோடோரியில்தான் தொடங்கினேன். அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

இரோடோரி ஜப்பானில் போய் வாழப்போகிறவர்களுக்கானது. குப்பையைத் தரம் பிரித்துப் போடுவது, வேலையிடத்தில் விடுப்புக் கேட்பது, டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வது, இப்படித்தான் பாடங்கள் போகும். ஒவ்வொரு பாடத்திலும் "இதைச் செய்ய எனக்கு வருமா" என்ற கேள்விதான் மையம். ஜே.எப்.டி. பேசிக் எழுதுகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். அது கணினியில் எழுதும் தேர்வு, 250க்கு 200 எடுக்க வேண்டும், எழுதி முடித்த கையோடு முடிவு திரையில் வந்துவிடும். 2019இல் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் விசாவுக்குப் பெரும்பாலான துறைகளில் மொழித் தகுதியாக இதுவோ என்4ஓ இரண்டில் ஒன்று இருந்தால் போதும். பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் அதற்கு மேல் பராமரிப்பு ஜப்பானிய மொழித் தேர்வு என்று தனியாக ஒன்றும் எழுத வேண்டும். நான் அந்த வழி.

அண்ணாவுக்கு வேண்டியது என்4 சான்றிதழ் என்றால் இரோடோரி மட்டும் போதாது. ஜே.எல்.பி.டி.யில் இலக்கண நுணுக்கம் கேட்பார்கள், வாசிப்புப் பத்தி வரும். அதற்கு மின்னா மாதிரி அடித்துத் துவைக்கிற புத்தகம் தேவை. இரோடோரியைக் கேட்கும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதன் உரையாடல்கள் காதுக்கு இயல்பாக இருக்கும்.

முதலில் எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள். புத்தகம் அதற்கு அப்புறம்தான்.

#6 சப்டைட்டில்_வேண்டாம்

எல்லோரும் புத்தகம் புத்தகம் என்கிறீர்கள். நாம் தமிழை இலக்கணப் புத்தகம் வைத்தா கற்றோம்? அனிமே பாருங்கள், சப்டைட்டிலை அணையுங்கள், தெரியாத சொல்லை ஆன்கியில் போடுங்கள். என் நண்பர்கள் சிலர் இப்படியே நன்றாகப் பேசுகிறார்கள். பாடப்புத்தக ஜப்பானிய மொழியை நிஜத்தில் யாரும் பேசுவதில்லை.

#7 நகோயா_பக்கத்துவீடு

தமிழை இலக்கணப் புத்தகம் இல்லாமல் கற்றோம், சரி. நாள் முழுக்க வீட்டில் எல்லோரும் நம்மிடம் அதில்தானே பேசினார்கள். ஷிப்டு முடித்து வருகிறவருக்கு அந்த நேரம் எங்கே?

"நிஜத்தில் யாரும் பேசுவதில்லை" என்பது தொழிற்சாலைக்கு ஒத்துவராது. மேலதிகாரியிடம் தெஸ்-மஸ் என்று முடியும் மரியாதை வடிவத்தில்தான் பேச வேண்டும். அனிமே நாயகன் மாதிரி "ஒமஏ" (டேய், நீ மாதிரி) என்று அழைத்துவிட்டால் அப்புறம் நான் பொறுப்பில்லை.

காது பழக அனிமே நல்லதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் அடிப்படை வாக்கியமே பிடிபடாத நிலையில் பார்த்தால் அது பொழுதுபோக்கு. அதைப் படிப்புக் கணக்கில் எழுதக்கூடாது.

#8 சப்டைட்டில்_வேண்டாம்

பொழுதுபோக்கு என்றாலும் தினமும் பார்ப்பேன். பாடப்புத்தகத்தை மூன்றாம் நாள் மூடிவிடுவார்கள். தினமும் திறக்கத் தோன்றுவதுதான் நல்ல புத்தகம்.

#9 கோடிட்ட_இடம்

சப்டைட்டிலார் கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சென்னையில் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு செய்கிறேன், புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியும் கொடுக்கிறேன்.

கெங்கி ஆகட்டும், டே கிம் ஆகட்டும், பெரும்பாலான யூடியூப் தொடர்கள் ஆகட்டும், எல்லாம் ஆங்கிலம் பேசுகிறவர் எங்கே தடுக்கி விழுவார் என்று கணக்குப் போட்டுச் செய்தவை. நாம் விழுகிற இடம் வேறு. "இந்தப் பாடம் கடினம்" என்று அவர்கள் எச்சரிக்கும் இடத்தில் நாம் நடந்தே போய்விடலாம். அவர்கள் இரண்டு வரியில் முடிக்கும் இடத்தில் நாம் மாதக்கணக்கில் தடுமாறுவோம். எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சம்.

மின்னாவை வைத்தே காட்டுகிறேன். 22ஆம் பாடம், பெயரை விளக்கும் தொடர். "நான் நேற்று வாங்கின புத்தகம்." ஜப்பானிய மொழியில் "வதாஷி கா கினோ கத்தா ஹோன்." நான், நேற்று, வாங்கின, புத்தகம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கிலக்காரருக்கு இது தலைகீழ் வித்தை, விளக்க நூல்கள் பக்கம் பக்கமாக அம்புக்குறி போடும். நீங்கள் அந்தப் பக்கங்களைப் படிக்காமலே பயிற்சிக்குப் போகலாம்.

29ஆம் பாடம்: "தபேதெ ஷிமைமஷ்தா", சாப்பிட்டுவிட்டேன். 30ஆம் பாடம்: செய்துவைப்பது. 40ஆம் பாடம்: "தபேதெ மிமஸ்", சாப்பிட்டுப் பார்க்கிறேன். நம் துணைவினைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மேற்கோளுக்கு "தோ" போடுகிறார்களே, அந்த இடத்தில் "என்று" போட்டுப் பாருங்கள், உட்காரும். உடைந்தது, உடைத்தது என்று நாம் வேறுபடுத்துவது மாதிரியே "கொவரேரு, கொவசு" என்று அவர்களுக்கும் ஜோடி ஜோடியாக வினைகள் உண்டு. ஜோடிகளை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் எதற்காக இரண்டு என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நமக்குக் கடினமானவை. நம் வினையில் ஆள் தெரியும்: போகிறேன், போகிறாய், போகிறார். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் "இக்கிமஸ்" ஒன்றுதான். எழுவாயையும் சொல்ல மாட்டார்கள். யார் போவது என்பதைச் சூழலை வைத்தே பிடிக்க வேண்டும். என்4 கேட்டல் பகுதியில் நம் ஆட்கள் மதிப்பெண் விடுவது பெரும்பாலும் இங்கேதான். சொல் எல்லாம் தெரியும், பேச்சும் புரியும், ஆனால் கடைசியில் காகிதத்தை நகல் எடுக்கப் போவது அவளா அவனா என்று கேட்டால் முழிப்பார்கள்.

கொடுப்பது, பெறுவது இன்னொன்று. 7ஆம் பாடத்தில் ஒரு பகுதி, 24இல் அடுத்தது, 41இல் மரியாதை வடிவம் என்று மூன்று தவணையில் வரும். "எனக்குத் தா, அவனுக்குக் கொடு" என்று வீட்டில் பிரித்துப் பேசுகிறவர்களுக்கு "குரேரு, அகேரு" வேறுபாடு பாதி புரிந்துவிடும். ஆனால் "கொஞ்சம் சொல்லித் தந்தார்" மாதிரி அது வினையோடு ஒட்டிக்கொண்டு வரும்போது யார் பக்கம் நன்மை போனது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வர வேண்டும். அதற்கு நிறைய வாக்கியம் தேவை. அப்புறம் எழுவாயோடு ஒட்டும் உருபு வாவா, காவா என்ற குழப்பம் உலகத்துக்கே பொது.

ஆகவே என் தேர்வும் மின்னாதான், ஆனால் காரணம் வேறு. விளக்கம் குறைவு, வாக்கியம் அதிகம். தமிழ் தெரிந்தவருக்கு வேண்டிய விகிதம் அதுதான்.

#10 பைசா_செலவில்லாமல்

இதைத் தனி இழையாகவே போடலாம். டே கிம்மில் நான் எவ்வளவு பக்கங்களைத் தாண்டியிருக்கலாம் என்று இப்போதுதான் தெரிகிறது.

#11 யாழ்_நிலா

கோடிட்ட இடம் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "கொரே, சொரே, அரே" என்று மூன்று சுட்டு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் நடுவில் உள்ள "சொரே"யில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் இது, அது தவிர "உது"வும் பேச்சில் இருக்கிறது. முன்னால் நிற்கிறவரின் கையில் இருப்பதை "உது என்ன?" என்றுதான் கேட்போம். அந்தப் பாடத்தை நான் அப்படியே தாண்டிவிட்டேன்.

#12 தென்பாண்டி

இவ்வளவு ஒற்றுமை இருக்கிறதே, ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்று ஒரு ஜப்பானியப் பேராசிரியர் நிறுவியிருக்கிறாராமே? அதைப் படித்தால் கற்க உதவுமா?

#13 கோடிட்ட_இடம்

சுசுமு ஓனோவைச் சொல்கிறீர்கள். பெரிய அறிஞர், இரண்டு மொழிக்கும் தொடர்பு உண்டு என்று நிறைய எழுதினார். ஆனால் மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் கொரிய, துருக்கி மொழிகளிலும் உண்டு. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 22ஆம் பாடம் நமக்கு எளிது, தேர்வுக்கு அது போதும்.

#14 நெறியாளர்

ஓனோ பற்றிய விவாதத்துக்கு வேறு பிரிவு இருக்கிறது. இதில் வந்த மூன்று பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே கற்கும் வளங்கள் மட்டும்.

#15 தூரிகை

கான்ஜி பற்றி யாரும் பேசவில்லையே. ஷிப்டுக்காரரே, தமிழ் உதவாத இடம் இதுதான், உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகப்போகிறது.

பொதுப்பயன்பாட்டுக் கான்ஜி 2136. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், என்4க்குச் சுமார் 300 என்பார்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அது 2010க்கு முந்தைய பழைய தேர்வின் மூன்றாம் நிலைக் கணக்கு. 2010இல் தேர்வை ஐந்து நிலையாக மாற்றியதிலிருந்து அதிகாரபூர்வச் சொல் பட்டியலோ கான்ஜி பட்டியலோ வெளியிடுவதில்லை. "என்4க்கான 1500 சொற்கள், முழுமையான பட்டியல்" என்று யார் விற்றாலும் அது பழையதை வைத்துச் செய்த மதிப்பீடுதான். பயன்படுத்தலாம், வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

மூன்று வழி இருக்கிறது. ஹைசிக் என்பவரின் புத்தக முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆங்கிலச் சொல், ஒரு கதை. முதல் பாகத்தில் 2200 எழுத்துக்குப் பொருளும் எழுதும் முறையும் வரும், உச்சரிப்பே வராது. டிசம்பர் தேர்வை வைத்துக்கொண்டு இதில் இறங்குவது வீண். நிதானமாகப் படிக்க ஆண்டுகள் இருப்பவர்களுக்குச் சரி.

வானிகானி தளம் 60 நிலையாகப் பிரித்து எழுத்து, உச்சரிப்பு, சொல் மூன்றையும் சேர்த்தே தருகிறது. முதல் மூன்று நிலை இலவசம், அப்புறம் சந்தா. செய்திருப்பது அருமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை அவர்களுடையது. எழுத்தின் உறுப்புகள் எளிதிலிருந்து கடினமாக அடுக்கப்பட்டிருக்கும், உங்கள் பாடப்புத்தகத்தோடோ என்4ஓடோ சேர்ந்து வராது. இன்னொன்று, நினைவுக்கதைகள் ஆங்கிலச் சொல் ஒலியை வைத்துக் கட்டியவை. ஆங்கில நகைச்சுவை பிடிபடாவிட்டால் கதையையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பாடத்தில் வரும் சொல்லோடு சேர்த்தே எழுத்தைப் படிப்பது. என்4க்கு என் கட்சி இதுதான். ஏன் என்று காட்டுகிறேன். உயிர், பிறப்பு என்ற பொருளுள்ள ஒரு கான்ஜி இருக்கிறது. ஆசிரியரைக் குறிக்கும் "சென்சே"யில் அது "சே". பிறந்தநாளைக் குறிக்கும் "தஞ்ஜோபி"யில் அதே எழுத்து "ஜோ". "உமரேரு" என்று பிறப்பதைச் சொல்லும்போது "உ". பீர்க் கடைப் பலகையில் "நம பீரு" என்று இருந்தால் "நம". இதன் உச்சரிப்புகளை மட்டும் அட்டவணை போட்டுப் படித்தால் ஒரு வாரம் தாங்காது. நான்கு சொல்லாகப் படித்தால் நான்கும் நிற்கும்.

கையால் எழுதுவது பற்றியும் கேட்பீர்கள். ஜே.எல்.பி.டி.யில் எல்லாம் விடையைத் தேர்வு செய்வதுதான், எழுதவோ பேசவோ வேண்டாம். ஆனால் கோட்டு வரிசை தெரிந்தால் அகராதி ஆப்பில் விரலால் வரைந்து தேடலாம். அந்த அளவுக்கு எழுதிப் பழகினால் போதும்.

#16 நகோயா_பக்கத்துவீடு

தூரிகை சொன்ன மூன்றாவது வழிக்கு என் ஓட்டு. வானிகானிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

#17 முதலை_நிலை_நாற்பது

வந்துவிட்டேன். :) என்4 தாண்டி என்2 போக நினைப்பவருக்கு வானிகானி வீண் ஆகாது. பழக்கம் உண்டாக்குவதில் அதற்கு ஈடு இல்லை. டிசம்பர் தேர்வு மட்டும்தான் இலக்கு என்றால் தூரிகை சொல்வது சரி.

#18 மேலூர்_மாடசாமி

எங்கள் வாட்சப் குழுவில் "30 நாளில் ஜப்பானியம், தமிழ் வழியாக" என்று ஒரு பிடிஎஃப் சுற்றுகிறது. எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஹிரகனா வராதவர்களுக்கு அது எளிதாக இருக்குமே? யாராவது பார்த்தீர்களா?

#19 கோடிட்ட_இடம்

அதைத் தொடாதீர்கள். இங்கே இழையில் எழுதுவதற்குத் தமிழ் எழுத்து போதும், கற்பதற்குப் போதாது. நம் எழுத்தில் "க" ஒன்றுதான். "கின்" என்று எழுதினால் ஜப்பானிய மொழியில் அது தங்கமாகவும் இருக்கலாம், வெள்ளியாகவும் இருக்கலாம். முதலெழுத்தை வல்லோசையோடு சொன்னால் தங்கம், "கங்கை"யில் முதலில் வரும் ஒலியோடு சொன்னால் வெள்ளி. ஹிரகனாவில் மேலே இரண்டு சின்னக் கோடு போட்டு இதைப் பிரித்துவிடுகிறார்கள். த, ப வரிசைக்கும் இதே கதைதான்.

நமக்குச் சாதகமான பக்கமும் உண்டு. குறில் நெடில் காதில் ஊறியிருப்பதால் "ஒபசான்" அத்தை, "ஒபாசான்" பாட்டி என்ற வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. ஆங்கிலக்காரர்கள் இதற்குத் தனிப் பாடமே வைக்கிறார்கள்.

ஹிரகனா அடிப்படை எழுத்து 46தான். அதைத் தாண்டாமல் எந்தப் புத்தகத்தையும் திறக்க வேண்டாம். ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கும் புத்தகத்துக்கும் இதே பதில்.

#20 காதுகொடு

கேட்டல் பற்றி ஒரு வார்த்தை. என்4 மதிப்பெண் முறையை முதலில் பாருங்கள். மொத்தம் 180. சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றும் சேர்த்து 120. கேட்டல் மட்டும் 60. தேர்ச்சிக்கு மொத்தம் 90 வேண்டும், அதோடு முதல் பகுதியில் குறைந்தது 38, கேட்டலில் குறைந்தது 19. மொத்தம் 110 எடுத்துக் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். தனியாகப் படிக்கிறவர்களை மடக்குவது இந்த 19. வகுப்பில் ஆசிரியர் பேசுவதைக் கேட்டே காது பழகும், நமக்கு அது இல்லை.

தேர்வில் ஒலி ஒரே ஒரு முறைதான் ஓடும். பாடப்புத்தக ஒலியைப் பத்து முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பழகியவர்கள் அங்கே போய்த் திணறுவார்கள். அதனால் பஸ் நேரம் முழுவதையும் காதுக்குக் கொடுங்கள். ஏற்கெனவே முடித்த பாடத்தின் உரையாடலைப் புத்தகம் இல்லாமல் ஓட விடுங்கள். புதிய பாடம் வேண்டாம், பழையதுதான். "நிஹோங்கோ கோன் தெப்பே" என்ற பாட்காஸ்ட்டில் தொடக்கநிலையினருக்கான தொடர் இருக்கிறது. ஒரு பகுதி சில நிமிடம்தான், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பேசுவார். பாதி புரிந்தாலும் போதும்.

சப்டைட்டிலார் கோபப்படக்கூடாது. பஸ் சத்தத்தில் அனிமே கேட்டால் வெடிச்சத்தம்தான் கேட்கும்.

#21 சப்டைட்டில்_வேண்டாம்

கோபமெல்லாம் இல்லை. பாட்காஸ்ட்டும் என் கட்சிதான்.

#22 ஒசூர்_சந்திரா

வகுப்பே வேண்டாம் என்று எல்லோரும் சொல்வது போல இருக்கிறது, கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நான் ஒரு பயிற்சி நிலையத்தில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். நடுவில் ஆசிரியர் மாறினார், அப்புறம் வகுப்பு பதிவு செய்த வீடியோவாக ஆனது. பேர் சொல்லப் போவதில்லை. அதற்காக எல்லா இடமும் அப்படி என்றும் சொல்ல மாட்டேன். பேசத் தெரிந்தவர் ஒருவரிடம் வாரம் ஒரு மணி நேரம், அதுவும் நீங்கள் எழுதிய வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள மட்டும் என்றால் காசு கொடுக்கலாம். இலக்கணத்தை விளக்கக் காசு கொடுக்க வேண்டாம், அதற்குத்தான் புத்தகம்.

#23 ஷிப்டுக்காரன்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மின்னா இரண்டு புத்தகத்தையும் வாங்கிவிடுகிறேன். கான்ஜி சொல்லோடு. பஸ்ஸில் காது. இரோடோரி ஒலியும் போனில் இருக்கட்டும். வானிகானி இப்போதைக்கு இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஆன்கியில் ஆயிரக்கணக்கான சொல் உள்ள தயார்க்கட்டுகள் இருக்கின்றன, அதை எடுப்பதா, நானே அட்டை செய்வதா? அப்புறம் வேலையிடத்துச் சொற்களை எப்போது தொடங்குவது?

#24 தூரிகை

ஆன்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. தயார்க்கட்டில் "கைஷி 1.5கே" நல்லது, எடுத்துக்காட்டு வாக்கியமும் ஒலியும் இருக்கிறது. ஆனால் மின்னா சொல் பட்டியலே பெரியது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் சோர்ந்துவிடுவீர்கள். மின்னா பாடச்சொற்களை மட்டும் அட்டையாக்குங்கள்.

முக்கியமான அமைப்பு ஒன்று: நாளொன்றுக்குப் புதிய அட்டை 20 என்று அதுவாகவே வைத்திருக்கும். ஷிப்டு ஆள் அதை எட்டு பத்தாகக் குறைக்க வேண்டும். புதிய அட்டை சுமை இல்லை, அதன் மறுபார்வைதான் சுமை. இரவு ஷிப்டு வாரத்தில் புதியதைச் சுழியமாக்கிவிட்டு மறுபார்வை மட்டும் பாருங்கள். நான்கு நாள் திறக்காமல் விட்டுத் திரும்பினால் நூற்றுக்கணக்கில் நிற்கும், பலர் ஆன்கியை அழிப்பது அந்த நாளில்தான்.

#25 கோடிட்ட_இடம்

வேலையிடத்துச் சொல்லை இன்றே தொடங்குங்கள். என்4இல் வராது, ஆனால் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதை விடப் பெரிய ஆன்கி கிடையாது. "கென்சா" சோதனை, "சுன்போ" அளவு, "கோசா" அனுமதிக்கும் விலகல், "ஃபுர்யோ" குறைபாடு. தேர்ச்சியா நிராகரிப்பா என்ற கட்டத்தின் தலைப்பில் "கோஹி" என்று இரண்டு கான்ஜி இருக்கும். அதில் முதல் எழுத்துதான் தேர்வில் தேறுவதைச் சொல்லும் "கோகக்கு"விலும் முதல் எழுத்து.

செக் ஷீட்டைப் போனில் படம் எடுக்காதீர்கள், கம்பெனி விதி இருக்கும். சட்டைப்பை நோட்டில் எழுத்தை வரைந்துகொண்டு வந்து தகோபோடோவில் தேடுங்கள். வாரம் ஐந்து சொல் போதும்.

#26 ஷிப்டுக்காரன்

"கோஹி" கட்டம் எங்கள் ஷீட்டிலும் இருக்கிறது! தினமும் டிக் போடுகிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுதான் தெரியும். நன்றி ஐயா.

சென்னை மையத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது?

#27 காதுகொடு

தேர்வு டிசம்பர் முதல் ஞாயிறு. பதிவு பல வாரங்களுக்கு முன்பே திறந்து மூடிவிடும். சென்னையில் நடத்துவது ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பு, அவர்கள் தளத்தை ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். அந்த ஞாயிறு ஷிப்டு விழாமல் இப்போதே சூப்பர்வைசரிடம் சொல்லி வையுங்கள்.